ஆளுக்கொரு வசனம்

நொச்சிக்கரையில் முதலில் மாட்டியது ரேஷன் கடையில் பில் போடுகிற தங்கப்பாண்டிதான், ஆனால் அவர் மாட்டியதை ஒரு ஜீவனும் கண்டுபிடிக்கவில்லை, எப்படிக் கண்டுபிடிக்கும், அவர் வாயில் மிஞ்சிய ஒரே வசனம் "சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க" என்பது, அதைத்தானே அந்த மனுஷன் ஆண்டாண்டு காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தது மினிபஸ் கண்டக்டர். அவருக்கு மிஞ்சியது "உள்ள போ, உள்ள போ". அவரையும் யாரும் சந்தேகப்படவில்லை, எல்லாரும் வழக்கம்போல உள்ளே போனார்கள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பிரசங்கத்துக்கு முன்னால் அறிவிப்பு வாசித்த பாஸ்டர், "குடைகளை வெளியே வைத்துவிட்டு வரவும்" என்ற இடத்தில் நின்று, மறுபடி அதையே சொல்லி, வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டும் அதையே சொல்லி, கையை உயர்த்தி, குரலைத் தாழ்த்தி, கடைசியில் கண்ணீர் விட்டு அழுது, முழுப் பிரசங்கத்தையும் அந்த ஒரே வசனத்தால் நடத்தி முடித்தபோதுதான் ஊருக்கு உறைத்தது. அதிலும் பாதிப்பேர், நல்ல பிரசங்கம் என்றுதான் சொல்லிக்கொண்டு போனார்கள்.

எப்சிபா மட்டும் இருந்த இடத்தைவிட்டு எழுந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாளே, நாற்பதை எட்டப்போகிறவள், கல்யாணம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே கேட்பதற்கு ஆளில்லாமல் பண்ணிக்கொண்டவள், அந்த எப்சிபாதான். ஆளுக்கு ஒரே ஒரு வசனம் இருக்கிற ஊரை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். இரண்டு ஞாயிறுக்கு முன்னால், மொகைதீன் அண்ணன் கடை டிவியில்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொகைதீன் அண்ணன் இப்போது செல்போன் கவர் விற்கிறார், ஆனால் ஒரு காலத்தில் அதே இடத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வீடியோ கேம் விளையாட விட்டவர். கப்பலில் வந்த கேசட்டுகளை மூட்டையாக வாங்குவார், அதில் நல்லதெல்லாம் தேய்ந்தும் திருடு போயும் தீர்ந்துவிட, யாருமே இரண்டாந்தரம் தொடாத படுமோசமான கேசட்டுகள் மட்டும் ஒரு சாக்கு நிறைய மிஞ்சின. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்தச் சாக்கை நடுவில் வைத்து மூன்று பேர் உட்காருவார்கள்: மொகைதீன் அண்ணன், எப்சிபா, அப்புறம் ஐஸ் பேக்டரியில் மெஷின் ஓட்டுகிற சுயம்புலிங்கம். உட்கார்ந்து என்ன செய்வார்கள் என்று கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். உலகத்திலேயே மோசமாகச் செய்யப்பட்ட கேம் எது என்று சண்டை போடுவார்கள்.

மேலே ஆயிரத்து ஒண்ணு கேம் என்று அச்சடித்துவிட்டு, உள்ளே நாலே நாலு கேமை வைத்து, மிச்சத்துக்கெல்லாம் அதே நாலுக்குச் சட்டை நிறத்தை மாற்றிவிட்ட கேசட். விட்ட குண்டு முன்னால் போகாமல் திரும்பி வந்து தன் டாங்கியையே வெடிக்கவைக்கிற சண்டை. முதல் ஓவரிலேயே அம்பயர் அவுட்டாகி வெளியே போய்விட, அப்புறம் முடிவு சொல்ல ஆளில்லாமல் காலத்துக்கும் ஓடுகிற கிரிக்கெட். கோட்டைத் தாண்டினாலும் தாண்டினதையே கவனிக்காத கார் பந்தயம். "சாயங்காலம் பஸ்ஸப் பிடிக்கிற அவசரத்துல எவனோ செஞ்சிருக்கான் தங்கச்சி" என்பார் மொகைதீன் அண்ணன். "அவசரமில்ல அண்ணே, இது கொழுப்பு" என்பாள் எப்சிபா. சுயம்பு அதிகம் பேசமாட்டான். கேசட்டை வாங்கி வாயருகே வைத்து ஒரு ஊது ஊதி, டிவியோடு இணைத்த கேம் பெட்டியில் செருகுவான், எப்சிபா சிரிக்கிறாளா என்று பார்ப்பான், அவ்வளவுதான். வருஷக்கணக்காக இதே கதை. அவன் மனசில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அவள் மனசில் இருப்பது அவனுக்கும் தெரியும், ஆனால் அவள் வேதக்காரி, அவன் சாமி கும்பிடுகிறவன், இரண்டு பேருக்கும் வயசு ஏறிவிட்டது, கேமைப் பற்றிப் பேசுகிறவரைக்கும் வேறெதையும் பேச வேண்டியதில்லை என்று இருந்துவிட்டார்கள்.

சாக்கின் அடியில் படம் கிழிந்த கேசட் ஒன்று இருந்தது. அதில் ஒரு கடற்கரை ஊர், நடுவில் கிணறு, ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள், வெளியூரிலிருந்து ஒருத்தன் வந்து ஒவ்வொருத்தர் முன்னாலும் நின்று பட்டனை அமுக்கினால் அவர்கள் தங்கள் ஒரே வசனத்தைச் சொல்வார்கள், மறுபடி அமுக்கினால் மறுபடியும் அதே வசனம். கேமே அவ்வளவுதான். எல்லாரையும் பேசவைத்து முடித்தால் திரையின் அடியிலிருந்து நீலம் ஏறி ஏறி ஊரை மூடிவிடும் என்றான் சுயம்பு, சின்ன வயசில் பார்த்திருக்கிறானாம். பொய், அதுக்கு முடிவே கிடையாது என்றாள் எப்சிபா. கேமைச் செய்தவர்கள் கடைசியில் நிற்கிறவளுக்கு வசனம் எழுத மறந்துபோனார்கள், அவள் முன்னால் போய் நின்றால் வசனம் இல்லாத வெறும் கட்டம் திறக்கும், வந்தவன் தூக்கின காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிடுவான் என்றாள். பார்த்தே தீர்த்துவிடுவது என்று உட்கார்ந்தார்கள், அந்த வெளியூர்க்காரனோ நத்தையாக நடந்தான், பாதி ஊர்கூட முடியவில்லை, இருட்டிவிட்டது. பாதியில் நிறுத்திவைக்கிற வசதியெல்லாம் அந்தப் பெட்டிகளில் கிடையாது. அதனால் அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் செய்ததையே இவர்களும் செய்தார்கள், டிவியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை ஓடவிட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். அடாப்டர் சூடாகிவிடும் என்று சுயம்பு ஐஸ் பேக்டரியிலிருந்து தினமும் ஒரு பாளம் ஐஸைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அடியில் வைத்தான். அடுத்த ஞாயிறு மொகைதீன் அண்ணனுக்குக் காய்ச்சல், கடை திறக்கவில்லை, பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

எப்சிபா சர்ச்சிலிருந்து குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள். அவள் சொன்னதைக் கேட்டு மொகைதீன் அண்ணன் துண்டை எடுத்துப் பார்த்தார். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அமத்திருவோம் அண்ணே" என்றாள்.

"கையை எடு தங்கச்சி! அமத்தினா எல்லாம் முதல்லயிருந்துல்லா ஆரம்பிக்கும். முதல்லயிருந்துன்னா எங்கயிருந்து? நம்ம பொறக்கிறதுக்கு முன்னயிருந்தா? ஊரே இல்லாம இருந்துச்சே, அங்கயிருந்தா? எவன் சொல்லுவான்?"

சுயம்பு போய் இன்னொரு பாளம் ஐஸ் கொண்டுவந்தான்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. மூன்று பேரையும் கட்டிவைத்து உதைப்பார்கள் என்று எப்சிபா நினைத்தாள், அதெல்லாம் நடக்கவில்லை, நொச்சிக்கரை அப்படிப்பட்ட ஊர் இல்லை. கரண்டு ஆபீஸிலிருந்து வந்து கடைக்குத் தனி லைன் இழுத்துக் கொடுத்தார்கள். வந்த லைன்மேனுக்கு மிஞ்சியிருந்தது "ஏணியைப் பிடி, ஏணியைப் பிடி" மட்டும், ஆனாலும் வேலை சுத்தமாக இருந்தது. தெருவுக்கு ஒரு நாள் முறை வைத்து ஐஸ் கொண்டுவந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அது ஆளைப் பிடிக்கிறது, எந்த வசனத்தின் நடுவில் பிடிக்கிறதோ அதுதான் சாகிறவரைக்கும், எழுதினாலும் கை அதையேதான் எழுதுகிறது என்று ஊர் கண்டுகொண்ட பிறகு, அப்பப்பா, ஜனங்கள் பேசின பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்! கெட்ட வார்த்தை ஊரைவிட்டே ஓடிப்போனது. மாமியார்கள் மருமகள்களைப் பார்த்து "சாப்பிட்டியா கண்ணு" என்றே நாள் முழுக்கக் கேட்டார்கள், மாட்டினால் அதில் மாட்டுவோம் என்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு நல்ல வசனம் சொல்லிக் கொடுத்தார்கள். இவ்வளவு முன்ஜாக்கிரதையாக இருந்தும் அது பிடிக்கிற நேரத்தில்தான் பிடித்தது. மகனைப் பார்த்து "நீ எங்க உருப்படப் போற" என்று ஒரு தடவை வாய் தவறிய தச்சு ஆசாரி ஒருத்தர், அதற்குப் பிறகு அந்த மகனைப் பார்க்கும்போதெல்லாம் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு அழுதார். அந்தப் பையன் பாவம், ஊரைவிட்டுப் போய்விட்டான்.

சுயம்புலிங்கத்துக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அன்றைக்கு அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான், தலை படிய வாரியிருந்தான், அதைப் பார்த்ததுமே எப்சிபாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இனிமேல் அவன் தானாகப் பேசுவான் என்று காத்திருந்தால் காரியம் ஆகாது என்று அவளே ஆரம்பித்தாள்.

"இத்தன வருஷமா கேமப் பத்தியே பேசிட்டோம். நாளைக்கு வாய் இருக்கோ என்னமோ. வேற எதாவது சொல்லணும்னா இன்னைக்கே சொல்லிருங்க."

அவனும் சொல்லத்தான் வந்திருந்தான், ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், பாவி மனுஷன், தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பித்தான். சாக்கிலிருந்து ஏணி ஏறி ஏறி மேலே போகிற கேம் ஒன்றின் கேசட்டைக் கையில் எடுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "மூணாவது லெவல்ல தரையே கிடையாது எப்சி, கால வச்சா விழுந்துகிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றான். தொண்டையைச் செருமினான். அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தான். "மூணாவது லெவல்ல தரையே கிடையாது எப்சி" என்று வந்தது. அவன் முகம் போன போக்கை அவள் சாகிறவரைக்கும் மறக்கவில்லை.

அவளிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. சின்னப் பதில்தான், அந்த நிமிஷமே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அதைச் சொல்லி அதிலேயே மாட்டிக்கொண்டால்கூடப் பரவாயில்லை, காலம் முழுக்க அவன் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, குடும்பம் நடத்த அது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள். மொகைதீன் அண்ணன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார்.

"சொல்லாத! நீதானே சொன்ன, வசனம் இல்லாத ஆள் முன்னால வந்தவன் நின்னுருவான்னு. எல்லாருக்கும் வசனம் விழுந்துட்டா அவன் வருவான், எல்லார்ட்டயும் கேப்பான், முடிச்சிட்டான்னா கடல் ஏறும். ஒருத்தி, ஒரே ஒருத்தி பேசாம இருந்துட்டா இந்த ஊரு தப்பிக்கும். நீ மட்டும் வாயத் தொறந்திராத தங்கச்சி."

அதற்கு மேல் அவருக்கும் வரவில்லை. மறுநாள் கவர் வாங்க வந்தவர்களிடம் எல்லாம், "நீ மட்டும் வாயத் தொறந்திராத தங்கச்சி" என்றுதான் விலை சொன்னார்.

எப்சிபா வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுயம்புவின் வீட்டுக்கு நடந்தே போனாள். தெருவே வேடிக்கை பார்த்தது, வேதம் சாமி என்று சொல்ல யாருக்கும் வாய் இல்லை. யாரோ இரண்டு மாலை கொண்டுவந்தார்கள், பாஸ்டர் வந்து இருவர் தலையிலும் கை வைத்துக் குடைகளை வெளியே வைத்துவிட்டு வரவும் என்று மனமுருக ஆசீர்வதித்தார், கல்யாணம் முடிந்தது. சுயம்பு ஐஸ் பேக்டரி முதலாளியிடம் பேசினாலும், மீன்காரியிடம் பேசினாலும், அந்த ஒரே வசனம்தான், அதில் அவள் பேர் வராமல் இருக்காது. ஊரில் எல்லாரையும் அவன் எப்சி என்றே கூப்பிட்டதில் ஊருக்கு ஒரு சந்தோஷம்கூட. வீட்டில் அதை அவன் காலையில் ஒரு மாதிரிச் சொல்வான், சாப்பிடும்போது ஒரு மாதிரி, அவள் தலைவலி என்று படுத்தால் நெற்றியைப் பிடித்துவிட்டுக்கொண்டு வேறு மாதிரிச் சொல்வான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் பதில் தொண்டைவரை வந்து திரும்பும்.

ஊரில் கடைசியாக ஒரு கைக்குழந்தைக்கு "ம்மா" என்பதில் விழுந்தது. அன்றைக்கு மொகைதீன் அண்ணன் கடை டிவி யாரும் தொடாமலே ஓடியது, அதில் கிணற்றுப் பக்கம் வெளியூர்க்காரன் நடக்க ஆரம்பித்திருந்தான். மறுநாள் மத்தியான மினிபஸ்ஸிலிருந்து ஒருத்தன் இறங்கினான். பார்க்க நல்லவனாகத்தான் இருந்தான். நேராக நடந்தான், திரும்பவேண்டிய இடம் வந்தால் நின்று, உடம்பு முழுவதும் ஒரேயடியாகத் திரும்பி, மறுபடி நேராக நடந்தான். செருப்பைக் கழற்றாமல் வீடுகளுக்குள் போனான், கேட்காமல் பீரோவைத் திறந்தான், பானைக்குள் எட்டிப் பார்த்தான், அப்புறம் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றான். அவன் நின்றால் வசனம் தானாக வந்தது. பல்லைக் கடித்தாலும் வந்தது. கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அவன் ஒரு தெருவை முடிக்க, கடல் ஒரு தெரு உள்ளே வந்தது, இரைச்சல் இல்லாமல், பாத்திரத்தில் தண்ணீர் நிறைகிறதைப்போல வந்தது. நடுத்தெருப் பிள்ளையார் கோவில் படியைத் தண்ணீர் தொட்டபோது அவன் சுயம்புவின் வீட்டு வாசலில் நின்றான்.

"மூணாவது லெவல்ல தரையே கிடையாது எப்சி" என்று சுயம்புவின் வாய் சொன்னது. அவன் கண் மட்டும் அவளைப் போ, ஓடு என்றது. எப்சிபா ஓடவில்லை. வந்தவன் உடம்பு முழுவதுமாக அவள் பக்கம் திரும்பினான், கிட்டே வர ஒரு காலைத் தூக்கினான், அவள் உள்ளே எதையோ ஒரு கை துழாவுகிறது, பீரோவைத் துழாவின அதே கை, அது தேடுகிறது, ஒன்றும் அகப்படவில்லை. தூக்கின கால் தூக்கினபடி அவன் வாசற்படியில் நின்றுவிட்டான். கடலும் கோவில் படியோடு நின்றது.

அதற்குப் பிறகு ஊர் பிழைத்தது, பிழைத்தது என்றால், கோவில் படியிலிருந்து படகைத் தள்ளி மீன்பிடிக்கப் போனார்கள், முங்கின தெருக்காரர்கள் மேலத் தெருக்காரர்கள் வீட்டில் அடைந்துகொண்டார்கள். வாசற்படியில் நின்றவனுக்கு வெயில் காலத்தில் யாரோ ஒரு குடையைக் கட்டிவைத்தார்கள். எண்ணெய் விளக்குப் போட்டார்கள். பிள்ளைகள் அவன் தோளில் பையை மாட்டினார்கள். எப்சிபா வீட்டில் அடுப்பே எரியவேண்டியதில்லை, நாலு வீட்டுச் சாப்பாடு வந்து நிற்கும். அவளைக் கும்பிட்டார்கள். கும்பிட்டபடியே அவள் உதட்டைப் பார்த்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் நாலு பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள், பிதற்றினால் பொத்துவதற்கு ஈரத்துணியோடு. ஐந்தாறு வருஷத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது, கடலை அவள் காவல் காக்கிறாள், அவளை ஊர் காவல் காக்கிறது. எல்லாரையும் அவளுக்குப் பிடிக்கும், ஒருத்தர்மேலும் கோபமில்லை, ஆனால் புருஷன் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் ஊரையே சபிக்கத் தோன்றும்.

சுயம்புவுக்கு நோய் நெஞ்சில்தான் வந்தது. ஐஸ் பேக்டரி வாயுவை இத்தனை வருஷம் மூச்சாக இழுத்த நெஞ்சு. படுக்கையில் விழுந்து ஒரு மாசத்தில் வசனம் தேய்ந்தது. முதலில் மூணாவது என்ற சொல் போனது, அப்புறம் லெவல் போனது, ஒரு மத்தியானம் "தரையே கிடையாது எப்சி" என்றான், இன்னும் கொஞ்ச நேரத்தில் "எப்சி" என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்திலிருந்து தினமும் பார்க்கிற அதே பார்வையைப் பார்த்தான். கேட்டுவிட்டுக் காத்திருக்கிற பார்வை.

அறை முழுக்க ஜனம். "சாப்பிட்டியா கண்ணு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, கும்பிட்டுக்கொண்டு. "ம்மா" என்றது ஆறு வயசாகிவிட்ட பிள்ளை. மொகைதீன் அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் வாயத் தொறந்திராத தங்கச்சி, நீ மட்டும் வாயத் தொறந்திராத தங்கச்சி" என்று அழுதார். ஈரத்துணி வைத்திருந்தவள் எழுந்தாள்.

எப்சிபா அவர்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். ஒவ்வொரு முகமாக, நிதானமாகப் பார்த்தாள், அந்தப் பிள்ளையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து புருஷன் காதில், பேசாமலே கிடந்து தடித்துப்போன நாக்கால், ஆனால் அறையில் எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"சரி, வாங்க, சேந்தே விழுவோம்."

சுயம்புலிங்கம் சிரித்தான். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து, பல் தெரிய, சின்னப் பையன் மாதிரிச் சிரித்தான். வாசற்படியில், தூக்கியிருந்த கால் தரையில் பட்ட சத்தம் கேட்டது.